நிறுத்தினால்தான் கெடும்

உட்காருங்க தம்பி. அந்த நாற்காலி ஆடும், இதில் உட்காருங்க.

கம்ப்யூட்டருக்குள் மாட்டுகிற இந்த கிராஃபிக்ஸ் கார்டு மைனிங் ஓட்டினதா என்று கேட்டீங்க. ஆமாம். ஓட்டினதுதான். பதினாறு மாசம் ராப்பகலாக ஓட்டினது. என் பையன் லோகு விளம்பரத்தில் என்ன போட்டிருக்கிறான் என்று எனக்குத் தெரியும். வீட்டில் கேம் விளையாடினது, கொஞ்சமாக உபயோகித்தது என்று போட்டிருக்கிறான். அதை நம்பித்தான் அவிநாசியிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்திருக்கீங்க. அது பொய். இந்த வீட்டில் யார் கேம் விளையாடுகிறது? எனக்கு அறுபத்தெட்டு வயசு.

எழுந்திருக்காதீங்க. முழுசாகக் கேளுங்க. அப்புறம் போவதானால் போங்க. எனக்கு மூன்று மணிக்கு ஓசூர் பஸ். இப்போது பதினொன்றரை. நாளைக் காலை ஏழரைக்குப் பேத்திக்குக் காதுகுத்து. இந்த ஆறு கார்டையும் நீங்க எடுத்துக்கொண்டால் நான் கிளம்பிவிடுவேன். எடுக்காவிட்டால் கிளம்ப முடியாது. சமாசாரம் அவ்வளவுதான். பிறந்து ஒன்பது மாசம் ஆகிறது, அந்தக் குழந்தையை நான் போனில்தான் பார்த்திருக்கிறேன்.

உள்ளே ஒரு இரைச்சல் கேட்கிறதில்லையா, அதுதான். படுக்கையறையில் இருக்கிறது. காட்டுகிறேன். முதலில் கேட்டதுக்குப் பதில்.

மைனிங் ஓட்டினால் கார்டு தேய்ந்துவிடும் என்கிறார்கள். யார் சொன்னது? நீங்களும் யாரோ சொல்லித்தான் கேட்கறீங்க. கல்யாண வீடியோ எடிட் பண்ணுகிறவர், கார்டு தெரியாமல் இருக்காது உங்களுக்கு. தேய்வதற்கு அதில் என்ன இருக்கிறது? சுற்றுகிற சாமான் அந்த ஃபேன் ஒன்றுதான். மற்றதெல்லாம் அசையாமல் ஒட்ட வைத்தது. ஃபேன் தேயும், ஒத்துக்கொள்கிறேன். அதுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. சில்லுக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு பசை தடவியிருப்பார்கள். அது காயும். காய்ந்தால் வழித்துவிட்டுப் புதுசு தடவணும். தேய்மானம் என்றால் அதுதான் தேய்மானம்.

நான் சிங்காநல்லூர் பக்கம் ஒரு நூல் மில்லில் முப்பத்தாறு வருஷம் ஃபிட்டர். ஸ்பின்னிங்கில். மூன்று ஷிப்ட்டு. மெஷின் நிற்காது. வருஷத்தில் நாலைந்து நாள்தான் நிறுத்துவோம். பொங்கல், தீபாவளி, ஆயுத பூஜை. லீவு முடிந்து சுவிட்சைப் போடும்போது தெரியும் கூத்து. முன்தினம் வரைக்கும் வெண்ணெய் மாதிரி ஓடினது. ஒன்று பெல்ட்டை அறுக்கும். ஒன்று மோட்டாரைப் புகைய வைக்கும். ஒன்று மத்தியானம் வரைக்கும் நூலை அறுத்துக்கொண்டே இருக்கும். முப்பத்தாறு வருஷம் அதைத்தான் பார்த்தேன்.

ஓட்டத்தில் மெஷின் கெடாது தம்பி. நிறுத்தினால்தான் கெடும். சூடு ஆறினால் எல்லாம் சுருங்கும். மறுபடி சூடானால் விரியும். சுருங்கி விரிந்து, சுருங்கி விரிந்து, பற்றவைத்த ஈயம் விட்டுப்போகும். ஒரே சூட்டில் ஓடிக்கொண்டிருந்தால் அதுக்கு ஒரு கேடும் இல்லை. லோகுவே இதை இன்டர்நெட்டில் தேடிப் பார்த்துவிட்டு, நீங்க சொல்றது ஓரளவுக்குச் சரிதானுங்கப்பா என்றான். அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது அந்த ஒரு தடவைதான்.

லோகுவுக்கு பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. அங்கே ஒரு ரூமில் நாலு பேர். மெஷின் வைக்க இடம் இல்லை. இது அவன் வாங்கின வீடு. ஒரு ஹால், ஒரு படுக்கையறை, சமையல்கட்டு. ஏசி படுக்கையறையில் இருக்கிறது. அதனால் மெஷின் படுக்கையறைக்குப் போனது, நானும் துளசிமணியும் ஹாலுக்கு வந்தோம். துளசிமணி என் சம்சாரம்.

இரும்பு ரேக்கில் எட்டு கார்டு. இது பாட்டுக்குக் கணக்குப் போட்டுக்கிட்டே இருக்கும், அதுக்கு கம்ப்யூட்டர் காசு விழும், அதுதான் மைனிங் என்றான். என்ன காசு, யார் போடுகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. மில்லிலும் நூல் எந்த ஊருக்குப் போகிறது என்று கேட்டதில்லை. ஓடணும். எனக்குத் தெரிந்தது அதுதான்.

"நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாங்கப்பா, நான் அங்கிருந்தே பார்த்துக்குவேன்" என்றான். அங்கிருந்து பார்ப்பானாம். தூசியை அங்கிருந்து தட்டுவானா?

ஒரு மாசத்தில் எனக்கு எல்லாம் பிடிபட்டுவிட்டது. திரையில் ஒவ்வொரு கார்டுக்கும் சூடு எவ்வளவு என்று நம்பர் வரும். அதைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். அப்புறம் அதுவும் வேண்டியிருக்கவில்லை, காதே போதும். மூணாம் நம்பர் ஃபேன் கொஞ்சம் சுதி இறங்கினாலும் தூக்கத்தில் எனக்குத் தெரியும். காலையில் பிரஷ்ஷால் தூசி தட்டுவேன். மத்தியானம் ஒரு தடவை. சாயங்காலம் ஒரு தடவை. வெளியே போனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்ததில்லை. ரேஷன் கடை, மருந்துக் கடை, வீடு. கூட வேலை பார்த்தவன் வீட்டில் அறுபதாம் கல்யாணம், திருப்பூரில்தான், போகவில்லை. மருதமலைக்கு மாசாமாசம் கிருத்திகைக்குப் போவேன், அதுவும் நின்றது. யாரும் போகாதே என்று சொல்லவில்லை. நான் போனால் யார் பார்ப்பது?

கால் வீங்குகிறது. சுடுகாற்றில் உட்கார்ந்தே இருந்தால் வீங்கும், நடங்க என்றார் டாக்டர். ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடப்பது நடை இல்லையா? அதை விடுங்க. அது வேறு கதை.

ஐந்து மாசம் ஓடினது. தையில் என் மகள் வாணிக்கு ஏழாம் மாசம். வளைகாப்பு முடித்து இங்கே கூட்டி வந்தோம். தலைப்பிரசவம், தாய் வீட்டில்தானே. மாப்பிள்ளையும் கூட வந்தார். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறார், நல்ல மனுஷர், அதிகம் பேசமாட்டார். வாணி வந்ததும் பையை எடுத்துக்கொண்டு படுக்கையறைக் கதவைத் திறந்தாள். அனல் அடித்தது. ஏசி ஓடினாலும் அனல்தான். எட்டு அடுப்பு எரிகிற அறையில் ஏசி என்ன செய்யும்? வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். ஒரு கை கதவில். ஒரு கை வயிற்றில்.

"அப்பா, இதை ஒரு நாலு மாசம் நிறுத்தி வெக்க முடியாதுங்களா?"

லோகு அன்றைக்கு இங்கேதான் இருந்தான். அதுக்கென்ன வாணி, நிறுத்திடலாம் என்று சுவிட்சுப் பக்கமே போய்விட்டான். படித்தவன்தான், மெஷின் தெரியாது. நான் அவன் கையைப் பிடித்துவிட்டேன்.

"ஓடறதை நிறுத்துனா மறுபடி ஓடாது" என்றேன்.

மாப்பிள்ளை இருக்கும்போதேதான் சொன்னேன். உள்ளதைச் சொல்ல என்ன ஒளிவு மறைவு? நான் ஹாலிலும் சமையல்கட்டிலும் தடுப்புக் கட்டித் தருகிறேன் என்று கூடச் சொன்னேன். வாணி சரிங்கப்பா என்றாள். அவ்வளவுதான். சின்னதிலிருந்தே அப்படித்தான் அவள், சொன்னால் புரிந்துகொள்கிற பிள்ளை. மறுநாள் காலையில் மாப்பிள்ளையோடு ஓசூருக்கே திரும்பிவிட்டாள். பை கூடப் பிரிக்கவில்லை.

துளசிமணி அன்றைக்கும் மறுநாளும் சமைத்தாள், போட்டாள். மூன்றாம் நாள் பையை எடுத்தாள். மகளுக்குப் பிரசவம், அம்மா போகத்தானே வேணும்? நான் தடுக்கவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னாள்:

"ஷிப்ட்டு முடிஞ்சா சொல்லி உடுங்க. வர்றேன்."

என்ன ஷிப்ட்டு? நான் ரிட்டயர்டு ஆகிப் பத்து வருஷம் ஆகிறது. அவளுக்கு எப்போதும் கிண்டல்தான். போய்ப் பதினோரு மாசம். குழந்தையை விட்டு வர மனசு வரவில்லை அவளுக்கு, வேறொன்றும் இல்லை. பொம்பளைகள் அப்படித்தான்.

வாங்க, உள்ளே வந்து பாருங்க. தலை குனிந்து வாங்க, மேலே ஒயர் தொங்குகிறது.

பார்த்தீங்களா. ஆறு. ஒரு பொட்டுத் தூசி இருக்கிறதா?

அந்த வெள்ளைத் திட்டா? உப்பு. ஒன்றும் ஆகாது, பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும். அது எப்படி வந்தது என்றும் சொல்கிறேன், மறைக்கமாட்டேன்.

சித்திரையில் வெயில் ஏறினது. கார்டு எண்பத்திரண்டு காட்டினது. ஏசி முக்கி முனகுகிறது. நான் யோசித்தேன். மில்லில் ஈரக்காற்றுக்கென்றே ஒரு பிளாண்ட் இருக்கும். காற்று காய்ந்தால் நூல் அறுந்துபோகும், அதனால் தண்ணீரைப் பொடிப்பொடியாக அடித்துக் காற்றோடு கலந்து உள்ளே விடுவார்கள். மோட்டார், மெஷின், ஆள் எல்லாம் அந்த ஈரத்தில்தான். ஒன்றும் கெட்டதில்லை. அதே முறையை இங்கே செய்தேன். வெட்டிவேர்த் தட்டி இரண்டு வாங்கி அந்த ஜன்னலில் கட்டினேன். மேலே ஒரு குழாய், அதில் வரிசையாக ஓட்டை. சொட்டுச் சொட்டாகத் தட்டி நனைந்துகொண்டே இருக்கும். அதுக்குப் பின்னால் டேபிள் ஃபேன். கார்டைப் பார்த்துக் காற்று. எண்பத்திரண்டு இருந்தது அறுபத்தெட்டுக்கு இறங்கினது. வீடெல்லாம் வாசம் வேறு.

போர்வெல் தண்ணீர்தான், கொஞ்சம் உப்பு. சிறுவாணித் தண்ணீரை இதுக்கா வீணாக்குவது? அது குடிக்க.

லோகு சனிக்கிழமை வந்து பார்த்தான். அசந்துபோய் நின்றான். அப்புறம், எலெக்ட்ரானிக்ஸுக்கு ஈரம் ஆகாதுங்கப்பா என்று இழுத்தான். உன் வயசே முப்பத்தொன்று, நான் முப்பத்தாறு வருஷம் ஈரத்தில் மெஷின் ஓட்டினவன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே பெங்களூருக்குக் கிளம்பிவிட்டான். அதுக்கப்புறம் அவன் வருவதும் குறைந்துவிட்டது. வேலை அதிகம்.

அந்தச் சித்திரையில்தான் வாணிக்குப் பெண் குழந்தை. காலையில் போன் வந்தது. நான் கிளம்பினேன். கிளம்பவில்லை என்று நினைக்காதீங்க. வேட்டி மாற்றி, பூவும் பழமும் வாங்கி, காந்திபுரம் போய், சேலத்தில் மாறிக்கொள்ளலாம் என்று சேலம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். நாளைய மின்தடை என்று பகுதிகள் பேர் போட்டிருந்தது. நாலாவது பேர் எங்கள் ஏரியா. காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஐந்து.

இறங்கிவிட்டேன். கண்டக்டர் டிக்கெட்டே கிழிக்கவில்லை, அதனால் அவருக்கு ஒன்றும் இல்லை. பழம் பையை மட்டும் சீட்டிலேயே விட்டுவிட்டேன்.

இறங்கினது தப்பா? நீங்களே சொல்லுங்க. அபார்ட்மென்ட்டில் ஜெனரேட்டர் இருக்கிறது. கரண்ட் போய் அது கிளம்புகிற வரைக்கும் தாங்க லோகு ஒரு யூபிஎஸ் வைத்திருந்தான். அதெல்லாம் இருக்கிறதுதான். ஆனால் எட்டு மணி நேரம் ஜெனரேட்டர் ஓடுமா? ஓடவில்லை. மறுநாள் ஒரு மணிக்கு டீசல் தீர்ந்துவிட்டது. வாட்ச்மேனைப் பெட்ரோல் பங்குக்கு விரட்டினேன். அதுக்குள் யூபிஎஸ்ஸும் போய்விட்டது. என் கண் முன்னால் எட்டும் நின்றது. ஃபேன் ஒவ்வொன்றாகச் சுற்றி அடங்கினது. நான் வெட்டிவேர்த் தட்டிக்குத் தண்ணீரை நிறுத்தவில்லை. அது மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வருகிறது, கரண்ட் தேவையில்லை. அதாவது நடக்கட்டும், கார்டு குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று விட்டேன். ஐந்து மணிக்குக் கரண்ட் வந்தது. ஏழு ஓடினது. ஒன்று ஓடவில்லை.

நான் சொன்னேனா இல்லையா? நிறுத்தினால் ஓடாது என்று.

அந்தக் கார்டை எடுத்துக்கொண்டு கிராஸ்கட் ரோட்டில் ஒரு ரிப்பேர் கடைக்குப் போனேன். ஒரு பொம்பளைப் பிள்ளைதான் உட்கார்ந்திருந்தது. கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு புரட்டிப் புரட்டிப் பார்த்தது. தண்ணி ஏதாச்சும் பட்டுச்சுங்களா ஐயா என்றது. தண்ணீர் படவே இல்லை, வெட்டிவேர்த் தட்டியின் ஈரக்காற்றுதான் என்றேன். அதுக்கு அந்தப் பிள்ளை சொன்னது:

"ஓடிட்டு இருக்கற வரைக்கும் அந்தச் சூட்டுல ஈரம் ஒட்டாதுங்க ஐயா. நின்னதும் ஒட்டியிருக்குது."

கேட்டீங்களா? நின்னதும். அதுவும் அதைத்தான் சொன்னது. நான் முப்பத்தாறு வருஷமாகச் சொல்கிறதை அந்தப் பிள்ளை ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டது. கெட்டிக்காரி. இன்னும் ஏதோ தட்டி, உப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தது, எனக்கு நேரமாகிவிட்டது, வந்துவிட்டேன்.

அன்றைக்குச் சாயங்காலமே துளசிமணிக்குப் போன் போட்டுச் சொன்னேன். பார், அன்றைக்கு லோகுவை நிறுத்த விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று. அவள் போனைக் குழந்தை காதில் வைத்துவிட்டாள். குழந்தைதான் கேட்டது நான் சொன்னதையெல்லாம்.

இரண்டாவது கார்டு ஆடியில் போனது. காற்றில் மரம் விழுந்து கம்பி அறுந்து, மூன்று மணி நேரம். அப்போதும் ஜெனரேட்டர் மக்கர். அப்போதும் தட்டியில் தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருந்தது, என் பங்குக்கு நான் குறை வைக்கவில்லை. இரண்டு தடவை நின்றது, இரண்டு கார்டு போனது. இதைவிட என்ன சாட்சி வேணும் உங்களுக்கு?

மற்ற ஆறும் இரண்டு தடவை நின்றுதானே திரும்ப ஓடுகிறது என்கிறீங்க. கேட்க வேண்டிய கேள்விதான். அது அதிர்ஷ்டம். எல்லா நாளும் இருக்காது.

மழை பிடித்ததும் தட்டியைக் கழற்றிவிட்டேன். வெளிக்காற்றே போதும். பாருங்க, ஜன்னலில் ஆணி மட்டும் இருக்கிறது.

அப்புறம் ஐப்பசியில் லோகு போன் பண்ணினான். அந்தக் காசை இனிமேல் இந்த மாதிரி மெஷின் வைத்து எடுக்க முடியாதாம், முறையையே மாற்றிவிட்டார்களாம். இனி இது ஓடி ஒரு பிரயோஜனமும் இல்லை, அணைத்துவிட்டுக் கிளம்பி வாங்க என்றான். எங்கேயோ யாரோ ஒரு முடிவெடுத்தால் ஓடுகிற மெஷினை நான் நிறுத்துவதா? வாங்குகிறவன் வந்து ஓட்டத்தில் பார்த்தால்தானே நம்புவான்? சரி, சும்மா ஓட விடலாம் என்றால், வேலை இல்லாவிட்டால் ஃபேன் நின்றுவிடுகிறது. அதனால் ஏதாவது ஒரு வேலை கொடு அதுக்கு என்று லோகுவிடம் சொன்னேன். அப்புறம் ஏதோ சில்லறைக் காசுக்குப் போட்டுவிட்டான். அதுதான் ஓடுகிறது மூன்று மாசமாக.

இன்றைக்குக் காலையில் துளசிமணி பேசினாள். லோகு தாய்மாமன், அவன் மடியில்தான் குழந்தையை உட்கார வைக்கணும். அவனுக்கு பெங்களூரிலிருந்து ஓசூர் ஒரு எட்டு. நான்தான் பாக்கி.

"வித்தாலும் வாங்க, விக்காட்டியும் வாங்க. பூட்டிட்டு வாங்க, அவ்வளவுதான்."

அவளுக்கென்ன, சொல்லிவிடுவாள். ஆறு கார்டு உள்ளே எரிந்துகொண்டிருக்கும்போது பூட்டிக்கொண்டு போனால், வழியில் எந்த ஊர் தாண்டும்போது என்ன ஆகும் என்று யார் கண்டது? அதனால்தான் சொல்கிறேன், எடுத்துக்கோங்க. லோகு போட்ட விலை வேண்டாம். நீங்க சொல்கிற விலை. நான் பேரம் பேசமாட்டேன்.

என்ன? நிறுத்திக் காட்டணுமா?

இது என்ன பேச்சு. கேட்டுக்கொண்டுதானே இருந்தீங்க இத்தனை நேரம்?

மைனிங் ஓட்டினதைப் பற்றிக் கவலை இல்லை என்கிறீங்க. சரி. உப்பைப் பற்றித்தான் கவலை என்கிறீங்க. நிறுத்தி, நன்றாக ஆற விட்டு, மறுபடி போட்டுப் பார்த்து, ஓடினால் ஆறையும் எடுத்துக்கொள்கிறேன் என்கிறீங்க. வாங்குகிறவர் நீங்க. கேட்க உரிமை இருக்கிறது. ஆனால் எப்படியும் வீட்டுக்குக் கழற்றிக்கொண்டு போகும்போது நிற்கத்தானே வேணும் என்று சிரிக்கறீங்க பாருங்க, அந்தச் சிரிப்பு வேண்டாம். கழற்றிக்கொண்டு போனால் அப்புறம் நின்றதும் ஓடினதும் உங்கள் பாடு. என் கண் முன்னால் வேண்டாம் என்கிறேன்.

மணி என்ன? பன்னிரண்டேகால்.

இது ஒன்றுதான் வழியா?

என் கையால் மாட்டேன். அதோ, பெரிய பிளக்குக்கு மேலே சிவப்பு சுவிட்ச். நீங்களே செய்யுங்க. நான் இங்கே நிற்கிறேன்.

ம்.

ஃபேன் அடங்குகிறது பாருங்க. ஒன்றாம் நம்பர்தான் கடைசியில் அடங்கும். அதுக்குத்தான் போன வாரம் எண்ணெய் விட்டேன்.

என்ன இது. வீடு இப்படியா இருக்கும்? பக்கத்து வீட்டில் குக்கர் விசில் கேட்கிறது. கீழே யாரோ ஸ்கூட்டரை உதைக்கிறார்கள். எனக்குக் காது அடைத்த மாதிரி இருக்கிறது.

ஆறட்டும். அரை மணி நேரமாவது ஆறணும். காப்பி? பால் இல்லை, கடுங்காப்பிதான். வேண்டாமா? நல்லது. நானும் இப்படி உட்கார்ந்துகொள்கிறேன்.

உங்களுக்குக் குழந்தை இருக்கிறதா? ஒன்றா. எந்த ஊரில் பிறந்தது? மாமனார் வீட்டில். ஆமாம். அங்கேதானே பிறக்கணும்.

அறை எவ்வளவு பெரிசு என்று பாருங்க. கட்டில் அந்தச் சுவரோரம் இருந்தது. தொட்டில் கட்ட துளசிமணி மேலே கொக்கி கூட அடிக்க வைத்திருந்தாள், இப்போது அதில்தான் ஒயர் தொங்குகிறது. நீங்க குனிந்து வந்தீங்களே, அதுதான்.

தொட்டுப் பாருங்க. இன்னும் வெதுவெதுப்பாக இருக்கிறது. இன்னும் கொஞ்சம். அவசரப்படாதீங்க. எனக்கும் பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறது.

சரி. ஆறிவிட்டது. போடுங்க. என்ன ஆனாலும் என் மேல் சொல்லக்கூடாது, நான் முன்னாலேயே சொன்னேன்.

ஒன்று சுற்றுகிறது. இரண்டு. நாலு. மூணாம் நம்பர் எப்போதும் தாமதம்தான். ஐந்து. திரையைப் பாருங்க, திரையில் நம்பர் வரணும். ஃபேன் சுற்றினால் மட்டும் போதாது. வருகிறது. ஐந்து வந்துவிட்டது. ஆறு.

ஆறும்.

நன்றாக இருக்கிறது என்கிறீங்க. எடுத்துக்கொள்கிறேன் என்கிறீங்க. நல்லது. காசு இருக்கட்டும், உள்ளே வையுங்க, எண்ண வேண்டாம். நிறுத்துங்க.

இல்லை, கழற்றுவதற்கு இல்லை. சும்மா நிறுத்துங்க. ஒரு தடவை ஓடினால் போதுமா? ஒரு தடவை எதுவும் ஓடும். மில்லில் கூட ஒரு தடவை ஓடிவிட்டு இரண்டாம் தடவை படுத்துக்கொள்ளும். உங்கள் நல்லதுக்குத்தான். நிறுத்தி ஆற விட்டுப் போடுங்க.

பார்த்தீங்களா, நீங்களும் உட்கார்ந்துவிட்டீங்க. உட்காருங்க.

போடுங்க.

ஒன்று. இரண்டு. நாலு. மூணு. ஐந்து. ஆறு.

நம்பர் வந்துவிட்டதா? ஆறுக்கும் வந்துவிட்டதா? நன்றாகப் பாருங்க, எனக்குக் கண்ணாடி இல்லாமல் மங்கலாகத் தெரிகிறது. கண்ணாடி போட்டுத்தான் இருக்கிறேனா. சரி.

இன்னொரு தடவை நிறுத்துங்க.

உங்களுக்கு வேலை இருக்கும், தெரிகிறது. எனக்கும் பஸ் இருக்கிறது. இரண்டேகால் ஆகிவிட்டதா? மூன்று மணி போனால் நாலரைக்கு ஒன்று இருக்கிறது. விலையில் பாதி கொடுங்க, ஒன்றும் கொடுக்க வேண்டாம், சும்மாவே எடுத்துக்கொண்டு போங்க. இன்னும் ஒரே ஒரு தடவை.

ஏன் என்று கேட்கறீங்க. கேட்கமாட்டீங்க என்று நினைத்தேன்.

ஏழு மாசப் பிள்ளைத்தாய்ச்சி தம்பி. நீங்க இப்போது நிற்கிறீங்களே, அந்தப் படியில்தான் நின்றாள். மறுபடி ஓடாது என்றேன். சரிங்கப்பா என்றாள். நாளைக்குக் காலையில் அவள் முன்னால் போய் நிற்கணும். அப்பா, கார்டெல்லாம் என்னாச்சுங்க என்று கேட்பாள். கேட்காமல் இருக்கமாட்டாள், அவள் தப்பாக எண்ணிக் கேட்கிறவளும் இல்லை. துளசிமணி பக்கத்திலேயே இருப்பாள். ஆறும் ஓடுகிறது, இரண்டு தடவை நிறுத்திப் போட்டும் ஓடுகிறது என்று எப்படிச் சொல்வது? ஒன்று போனால் போதும். ஒன்றே ஒன்று.

சுவிட்சை நிறுத்துங்க தம்பி. ஆற விடுங்க. இந்தத் தடவை நன்றாக ஆற விடுங்க.